தாய்மாமன் குறட்டை

எங்க ஊர்ல ஆள் தூங்கும்போது மூச்சு எழுந்து வெளிய போய்ட்டு வரும்.

பெரும்பாலும் வாசல் வரைக்கும்தான். கோலத்தை மிதிக்காம ஓரமா நின்னு, தெருவை இப்படியும் அப்படியும் பாத்துட்டு உள்ள வந்துடும். குழந்தைங்க மூச்சு தொட்டில் கயித்தைத் தாண்டாது. பெரியவங்களோடது கொஞ்சம் காலாற நடக்கும். பாக்க எப்படி இருக்கும்னா, ஈரத்துண்டை ஓங்கி உதறினா தண்ணி பொடிப்பொடியா ஒரு நொடி காத்துல நிக்குமே, அப்படி இருக்கும். ஆனாலும் யாரோடதுன்னு நடையிலயே தெரிஞ்சிடும். தபாலாபீஸ் ரங்கராஜன் மூச்சு ஒரு தடவை ஏதோ ஞாபகத்துல திருச்சி பஸ்ல ஏறிடுச்சு. கண்டக்டர் நல்ல மனுஷன். அடுத்த ஸ்டாப்பிங்ல இறக்கி, எதிர்ல வந்த பஸ்ல ஏத்தி அனுப்பினார். அது வந்து சேர்ற வரைக்கும் ரங்கராஜன் கட்டில்ல உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடந்தார். வந்ததும் எழுந்து உக்காந்து மோர் கேட்டார். மோர்ல பெருங்காயம் கூடிப்போச்சுன்னு பொண்டாட்டிகிட்ட சண்டை வேற.

மூச்சு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவுக்கு அந்த ஆளுக்கு எங்க ஊர்ல மதிப்பு. தூரம் போற மூச்சுக்குத்தான் சத்தம் பெருசா வரும். அதைத்தான் குறட்டைன்னு சொல்றது. அதனால கல்யாணப் பேச்சு எடுத்தா, பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடி குறட்டை கேக்குறதுன்னு ஒண்ணு உண்டு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவாங்க. இலை எடுத்ததும் கூடத்துல பாய் விரிச்சு, தலகாணி போட்டு, மாப்பிள்ளையைப் படுக்க வெப்பாங்க. சுத்தி உக்காந்து கேப்பாங்க. சத்தம் திருப்தியா இருந்தா வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். மாப்பிள்ளைக்குக் குறட்டை வரலன்னா அவனோட தாய்மாமன் படுத்துக் குறட்டை விடலாம். தாய்மாமன் குறட்டை செல்லும். சீர் செய்யறது, மாலை எடுத்துக் குடுக்குறது மாதிரி இதுவும் தாய்மாமன் கடமையில சேந்தது.

எனக்கும் அப்படித்தான் பாத்தாங்க. அப்பாவும் சித்தப்பாவும் போய் கேட்டுட்டு வந்தாங்க. அப்பா செருப்பைக்கூடக் கழட்டாம, "ஷெல்ஃபுல இருந்த பித்தளைச் சொம்பு கீழ உருண்டுடுச்சுடி"ன்னு அம்மாகிட்ட சொன்னார். அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு சாமிக்கு விளக்கேத்தினாங்க. மாப்பிள்ளை கருப்பா சிவப்பான்னு ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல.

சித்தப்பா மக பூங்கோதைக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லாமப் போச்சு. அவளுக்கு வந்த மாப்பிள்ளை தூங்கினா பக்கத்துல கொசு பறக்குறது கேக்கும். தாய்மாமனும் கிடையாது. வேற வழியில்லாம முடிச்சாங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட சித்தி அழுதுக்கிட்டேதான் ஆரத்தி எடுத்தா. இன்னிக்கும் அந்த ரெண்டு பேரும் சாயங்காலமானா ஆளுக்கொரு முறுக்கைக் கடிச்சுக்கிட்டே ரயிலடி வரைக்கும் நடந்து போய்ட்டு வர்றாங்க. பல்லெல்லாம் சொந்தப் பல்லு. பாவம்னுதான் ஊர்ல சொல்லுவாங்க.

எங்க வீட்டுக்காரர் பேர் தட்சிணாமூர்த்தி. இப்படி எழுத்துல எழுதுவேனே தவிர, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து வாயால சொன்னதில்ல. பேரூராட்சில தண்ணி திறந்து விடுற வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வெச்சிருப்பார். தெருமுனைக் குழிக்குள்ள அதை இறக்கித் திருப்பினா அந்தத் தெருவுக்குத் தண்ணி வரும். திருப்பி மூடினாதான் அடுத்த தெருவுக்குப் போகும். இவர் எந்தத் தெருவுல நிக்கிறாரோ அந்தத் தெருவுலதான் அன்னிக்குச் சமையல் சீக்கிரம் முடியும்.

இவரோட மூச்சு மாதிரி தூரம் போற மூச்சு ஊர்ல வேற கிடையாது. மார்க்கெட்டுல காய் வாங்கிட்டு இருப்பேன். "என்ன வேதாக்கா, அண்ணன் மூச்சு இப்பதான் முருங்கைக்காயைத் தொட்டுப் பாத்துட்டுப் போவுது"ன்னு கடைக்காரப் பொண்ணு சொல்லும். எதிர்த்த வீட்டு லலிதா மாடில வடாம் காயப் போட்டா, இவர் மூச்சைத்தான் காவலுக்குக் கூப்பிடுவா. காக்கா அண்டாது. சிலபேர் அதுகிட்ட சேதிகூடச் சொல்லி அனுப்பிப் பாத்தாங்க. அது யார்கிட்டயும் பேசாது. தலையை மட்டும் ஆட்டிட்டு நடந்துடும். எனக்கு அதுல ஒரு பெருமை இருந்துச்சு. இல்லன்னு எப்படிச் சொல்றது.

ஆனா மனுஷன் காலைல எழுந்தா மூட்டை தூக்கினவர் மாதிரி எழுந்திருப்பார். தலைவலிம்பார். நாக்கு காஞ்சு போச்சும்பார். காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள டம்ளர் கைல சாய்ஞ்சிடும். சாப்பிட உக்காந்தா சோத்தைப் பிசைஞ்ச கை பிசைஞ்சபடியே நிக்கும். யாராவது கேட்டா சுள்ளுன்னு விழுவார். முன்னாடியெல்லாம் அப்படி இல்ல. பொண்ணு பொறந்த புதுசுல அது அழுதா இவர்தான் தோள்ல போட்டுக்கிட்டு யானைக் கதை சொல்லுவார். அந்த யானைக்கு ஆறு கால். ஏங்கன்னு கேட்டா, ரெண்டு கால் ஸ்பேர்னுவார்.

எங்க விட்டேன், தண்ணிதானே. சாவியைக் குழில இறக்கித் திருப்பினபடியே, அதைக் கட்டிப் பிடிச்சு நின்னுக்கிட்டே இவர் தூங்கிடுவார். கீழத்தெருவுல தண்ணி குடம் நிறைஞ்சு, அண்டா நிறைஞ்சு, படி ஏறிடும். செருப்பு, தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கு வெச்ச தழை எல்லாம் ஊர்வலம் மாதிரி வரிசையா மிதந்து வரும். மேலத்தெருவுல ஒரு சொட்டு கிடையாது. மேலத்தெருக்காரங்க காலிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு இவரைச் சுத்தி நின்னு பாத்துட்டு, "மூர்த்தி மாதிரி தூக்கக்காரன் ஊருக்கே அதிர்ஷ்டம்"னு சொல்லிட்டுப் பக்கத்து ஊருக்குத் தண்ணிக்குப் போவாங்க.

இவரும் அதையேதான் சொல்லுவார். "எனக்குத் தூக்கத்துல என்னடி குறை? பாயைப் பாத்தா தூங்கிடுவேன். பாயைப் பாக்காட்டியும் தூங்கிடுவேன்."

கிருஷ்ணசாமி வாத்தியார் விஷயத்துக்கு அப்புறம்தான் எனக்குள்ள ஒண்ணு உறுத்த ஆரம்பிச்சுச்சு. அவரும் பெரிய குறட்டைக்காரர். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவர் மூச்சு வெளிய போச்சு. வரல. ரொம்ப நேரமாச் சத்தமே இல்லையேன்னு வீட்ல யாரும் பதறல. அப்பாடா அமைதியா இருக்கேன்னு அவர் சம்சாரம் அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். தூக்கத்துலயே போய்ட்டார், நல்ல சாவுன்னு ஊரே சொல்லிச்சு. அவர் மூச்சைக் கொஞ்ச நாள் பள்ளிக்கூட வேலி ஓரத்துல பாத்தவங்க இருக்காங்க. அப்புறம் அதுவும் காணல. அந்தம்மா இன்னும் வாசக்கதவைச் சாத்துறதில்ல. ஆடு வந்து முறத்துல இருக்குற அரிசியைத் தின்னுட்டுப் போகுது, அப்பவும் சாத்துறதில்ல.

அதுக்கப்புறம் நான் எண்ண ஆரம்பிச்சேன். இவர் மூச்சு போய்ட்டு வர்றதுக்குள்ள ஒரு வெங்காயம் உரிக்கலாம்னு இருந்தது ரெண்டு வெங்காயம் ஆச்சு. ஒருநாள் மூணாவதையும் எடுத்துட்டேன். இவர் நெஞ்சு ஏறி ஏறி இறங்குது, உள்ள காத்து போகல. மூணாவது வெங்காயத்துல பாதில, கிணத்துல மூழ்கினவன் தலையை வெளிய நீட்டுற மாதிரி ஒரு சத்தத்தோட வாயைப் பொளந்துக்கிட்டு இழுத்தார். மறுபடி தூங்கிட்டார். எனக்கு வெங்காயத்தால கண்ல தண்ணி வந்ததா எதாலன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல.

மறுநாள் மத்தியானம் இவர் படுத்ததும் நான் மூச்சு பின்னாடியே போனேன். எங்கதான் போகுது, யாரைப் பாக்கப் போகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு. உண்மையச் சொன்னா மனசுல ஒரு பேரு இருந்துச்சு. அது இப்ப எதுக்கு.

மூச்சு வாசல் வரைக்கும்தான் போச்சு. எல்லார் மூச்சும் போற மாதிரி தெருவை ஒரு பார்வை பாத்துட்டு உடனே உள்ள திரும்புச்சு. நேரா இவர் தலைமாட்டுக்கு வந்துச்சு. வாய் திறந்துதான் இருந்துச்சு, அதுக்குள்ள நுழைஞ்சுது. ஆனா தொண்டைகிட்ட போய் நின்னுடுச்சு. கையை மடக்கித் தட்டுச்சு. ஒரு குறட்டை வந்துச்சு. இன்னும் பலமாத் தட்டுச்சு. இன்னும் பெரிய குறட்டை. ஷெல்ஃபுல சொம்பு ஆடுச்சு. கதவு திறக்கல. அது கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வெளிய வந்துச்சு. வீடு பூட்டி இருந்தா, பொண்டாட்டி சாவியை எடுத்துக்கிட்டுப் போய்ட்டான்னு ஊருக்குத் தெரிய வேண்டாம்னு, சும்மா காத்து வாங்குற மாதிரி ஆம்பளைங்க தெருவுல நடப்பாங்களே, அப்படி நடந்துச்சு. முருங்கைக்காயைத் தொட்டுப் பாத்துச்சு. லலிதா வீட்டு வடாம் பக்கத்துல நின்னுச்சு. திரும்பித் திரும்பி எங்க வீட்டையே பாத்துச்சு.

நான் வீட்டுக்குள்ள ஓடி இவரைப் போட்டு உலுக்கினேன். பெரிய சத்தத்தோட வாயைத் திறந்தார். மூச்சு என்னை இடிச்சுக்கிட்டு உள்ள ஓடுச்சு. "ஏன்டி நல்லாத் தூங்குறவனை எழுப்புற?"ன்னார்.

பஸ்ல போறப்ப ஜங்ஷன்ல ஒரு போர்டு பாத்திருந்தேன், தூக்கத்துக்குன்னே டாக்டர் இருக்காங்கன்னு. பொண்ணு வீட்டுக்குப் போலாம்னு சொல்லி இவரைக் கூட்டிக்கிட்டுப் போய் அங்க இறக்கினேன். டாக்டர் பேர் நிலோஃபர். சின்ன வயசு. என்னைவிடப் பொறுமையா நான் சொல்றதைக் கேட்டாங்க. ஆறு கால் யானை வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் இவர் கழுத்தை டேப்பால அளந்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. ஒரு ராத்திரி அங்கயே படுக்க வெச்சு, தலைலயும் நெஞ்சுலயும் விரல்லயும் ஒயரை ஒட்டி, மூச்சு எப்பப் போகுது எப்ப வருதுன்னு கவனிச்சாங்க.

காலைல என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. "அம்மா, ஐயா தூங்குறார்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அவர் தூங்கல. அவர் படுத்ததும் தொண்டைல இருக்குற சதை தளர்ந்து கதவு சாத்திக்குது. வெளிய போன மூச்சு நின்னு தட்டுது. அதைத்தான் நீங்க குறட்டைன்னு சொல்றீங்க. ரொம்ப நேரம் தட்டியும் திறக்கலன்னா, இதயம் அடிச்சுப் புரண்டு எழுந்து வந்து கதவைத் திறந்து விடுது. திறந்துட்டுப் போய்ப் படுக்குறதுக்குள்ள மறுபடி தட்டுற சத்தம். ராத்திரி பூரா இதே வேலை."

"இவர் பகல்ல தண்ணி திறந்து விடுறார் டாக்டர்"னேன்.

"ராத்திரி இது, பகல்ல அது. ஓய்வே இல்ல பாருங்க. பிரஷரும் அதனாலதான் ஏறி இருக்கு. இதயம் எத்தனை வருஷம் இப்படி எழுந்து ஓடி வரும்? ஒருநாள் அது எழுந்திருக்க முடியாமப் படுத்துடும்."

நான் அப்பளத்தை நினைச்சுக்கிட்டேன். அப்புறம் எங்கப்பாவை நினைச்சுக்கிட்டேன். சொம்பு உருண்டுச்சுன்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்னார். ஒருத்தன் வீட்டுக்குள்ள விடுன்னு தட்டிக்கிட்டு இருந்திருக்கான். நாங்க சுத்தி உக்காந்து தாளம் போட்டு, வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

டாக்டர் ஒரு மெஷின் குடுத்தாங்க. டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். அதுலேர்ந்து ஒரு குழாய் வந்து மூக்குல மாட்டுற மாஸ்க்ல சேரும். "இது மூச்சை இழுத்துக்கிட்டு வராது. கதவு சாத்திக்காம, காத்தை ஊதிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அவ்வளவுதான். தினமும் மாட்டணும். பகல்ல சும்மா கண் அசந்தாலும் மாட்டணும். உடம்பைக் குறைக்கணும், மல்லாக்கப் படுக்கக் கூடாது"ன்னாங்க. இவர் மாட்டிப் பாத்துட்டு, "யானை மாதிரி இருக்கே"ன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் வாயில யானை வந்ததால நான் சிரிச்சேன்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் மாறிப்போச்சு. காரணம் எங்க பெரிய நாத்தனார், இவரோட அக்கா மங்கையர்க்கரசி. மெஷின் சேதி அவங்க காதுக்கு எங்களுக்கு முன்னாடியே போய்ச் சேந்திருந்துச்சு.

"என்ன வேதா, என் தம்பி குறட்டையை நிறுத்தப் போறியாமே?"

"தட்டுறது நிக்கும் அண்ணி. கதவு திறந்திருக்கும்"னேன்.

"கதவாவது ஜன்னலாவது. எங்க தாத்தா குறட்டைக்குப் பயந்து ஆத்துல வெள்ளம் கரை ஏறாது தெரியுமா? குருபரனுக்குப் பொண்ணு பாத்திருக்கு. அவன் தூங்கினா பூனை தூங்குன மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை கேக்க வர்றாங்க. தாய்மாமன் படுக்கலன்னா என் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? முப்பத்திரண்டு வயசு ஆச்சுடி அவனுக்கு."

குருபரன் நல்ல பையன். பேங்க்ல வேலை. பக்கத்துல நின்னுக்கிட்டு காலால தரையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான். இவர் அக்காவைப் பாத்தார், மருமகனைப் பாத்தார், கடைசில என்னைப் பாத்தார்.

"இது ஒரு தடவை ஆகட்டும் வேதா. தாய்மாமன் இல்லையா? வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் மாட்டிக்கிறேன்."

அதுவரைக்கும் பழக்கம் விட்டுப்போயிடக் கூடாதுன்னு அந்த வாரம் பூரா மெஷின் மாட்டல. மூணு வெங்காயம் நாலாச்சு. நான் வெங்காயம் உரிக்கிறதையே விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பும்போது மெஷினை ஒரு துணிப்பைல போட்டு, மேல வெத்தலையும் வாழைப்பழமும் வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். பொண்ணு வீட்லேர்ந்து அப்பா, அம்மா, கூட பொண்ணும் வந்திருந்தா. பேர் தமயந்தி. முன்னாடியெல்லாம் பொண்ணு வர்றதில்ல. இப்ப வர்றாங்க. அவங்க அப்பா நாகசுந்தரம் பெரிய உடம்பு. வந்து உக்காந்ததும் ஒரு தடவை கண் சொக்கி எழுந்தார். நான் அப்பவே கவனிச்சேன்.

சாப்பாடு பலமா போட்டாங்க. வத்தக்குழம்பு, அவியல், ரெண்டு பாயசம். அடைப்பிரதமன்ல வெல்லம் கொஞ்சம் தூக்கல், ஆனா நாத்தனார் கைப்பக்குவத்தைச் சும்மா சொல்லக் கூடாது. இலை எடுத்ததும் பாய் விரிச்சாங்க. இவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு மல்லாக்கப் படுத்தார். கண்ணை மூடினார்.

முதல் குறட்டையிலயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. நாகசுந்தரம் தொடையில தட்டினார். "பேஷ்!" நாத்தனார் முகம் பூரிச்சுப் போச்சு. குருபரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ரெண்டாவது, மூணாவது. தாம்பாளத்துல வெத்தலை நகர்ந்துச்சு. "வம்சக் குறட்டை"ன்னாங்க நாத்தனார். பொண்ணோட அம்மா வெத்தலைத் தாம்பாளத்தைக் கைல எடுத்தாங்க.

அப்ப சத்தம் நின்னுச்சு.

"தூரம் போயிருக்கு"ன்னார் நாகசுந்தரம், மரியாதையா.

எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. நான் இவர் நெஞ்சைப் பாத்தேன். ஏறுது, இறங்குது, ஏறுது. காத்து இல்ல. ஒரு வெங்காயம். ரெண்டு வெங்காயம். வாசல்ல எட்டிப் பாத்தேன். இவர் மூச்சு செருப்புங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. மூணு வெங்காயம். உதட்டு ஓரம் நாவல்பழம் தின்ன மாதிரி ஆச்சு. மூச்சு திண்டாடித் திண்டாடி ஒரு செருப்பை மாட்டிப் பாத்துச்சு, சேரல, கழட்டிப் போட்டுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பிச்சுச்சு. இந்தத் தடவை திரும்பிப் பாக்கல.

உலுக்கினேன். எழுந்திருக்கல. "குருபரா, மாமாவை ஒருக்களிச்சுப் படுக்க வெய்டா"ன்னேன். அவன் ஓடி வந்து ரெண்டு கையாலயும் புரட்டினான். பழத்தைக் கொட்டிட்டு மெஷினை எடுத்தேன். கூடத்துல ஒரே ஒரு பிளக்பாயின்ட். அதுல நாகசுந்தரத்தோட செல்போன் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. பிடுங்கினேன்.

"சம்மந்தி போனைப் பிடுங்குறியே!"ன்னு நாத்தனார் கையைப் பிடிச்சாங்க.

"அண்ணி, தம்பி உதட்டைப் பாருங்க"ன்னேன்.

பாத்தாங்க. கையை விட்டுட்டாங்க.

மாஸ்க்கை மாட்டிப் பட்டையை இழுத்துக் கட்டினேன். மெஷின் மெதுவா ஊத ஆரம்பிச்சுச்சு. தொண்டைல கதவு கொஞ்சம் கொஞ்சமா விலகுறது எனக்குத் தெரிஞ்சுது. கதவு திறந்தாச்சு. ஆனா உள்ள வர வேண்டியது தெருக்கோடில போய்க்கிட்டு இருக்கு. கூப்பிடலாம்னா, பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு நாக்கு புரளல. மாஸ்க்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நாத்தனாரைப் பாத்தேன்.

அவங்க முழங்கால் வலிக்காரங்க. கடைத்தெருவுக்கே ஆட்டோலதான் போவாங்க. பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வெறுங்காலோட தெருவுல ஓடினாங்க. "மூர்த்தி! டேய் மூர்த்தி!"

மூச்சு நின்னுச்சு. ஆனா வரல. எத்தனையோ வருஷமாத் தட்டிப் பாத்து அலுத்த மூச்சு. அதுக்கு நம்பிக்கை இல்ல.

"கதவு திறந்திருக்குடா. அக்கா சொல்றேன், வாடா. நீ சத்தம் போட வேண்டாம். குருபரனுக்குக் கல்யாணம் ஆகாட்டி போவுது. நீ வாடா உள்ள."

சைக்கிள்ல போனவங்கல்லாம் இறங்கி வழி விட்டாங்க. நாத்தனார் அதோட கையைப் பிடிச்சு, ஈரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு, மெதுவா நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. வாசப்படில அது தயங்குச்சு. அப்புறம் தலைமாட்டுக்கு வந்துச்சு. தட்ட கையைத் தூக்குச்சு. தட்ட ஒண்ணும் இல்ல. தூக்கின கையைக் கீழ போட்டுட்டு உள்ள போச்சு.

இவர் உதட்டுல நிறம் திரும்புச்சு. நெஞ்சு ஒரே சீரா ஏறி இறங்குச்சு. பொம்பளைங்க முறத்துல மெதுவா அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அது மெஷின் சத்தம். இவர்கிட்டேர்ந்து ஒரு சத்தமும் இல்ல. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அன்னிக்குத்தான் இவர் தூங்கிப் பாத்தேன். நெத்தில இருந்த ரெண்டு கோடு காணல. இப்படி ஒரு முகமா இவருக்குன்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நாத்தனார் காலைப் பிடிச்சுக்கிட்டு தரைலயே உக்காந்துட்டாங்க.

நாகசுந்தரம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு, "சத்தம் வரலையே"ன்னார்.

"வந்த வரைக்கும் போதும்ப்பா"ன்னா தமயந்தி. எழுந்து என் பக்கத்துல வந்து உக்காந்து மெஷினைத் தொட்டுப் பாத்தா. "இது எங்க கிடைக்கும் அத்தை? எங்கப்பாவும் இப்படித்தான். அம்மா தோசை ஊத்தி முடிக்கிற வரைக்கும்கூட போன மூச்சு வராது."

அவ அம்மா தாம்பாளத்தைப் பிடிச்சபடியே புருஷனைப் பாத்தாங்க. அவர் நாற்காலியில உக்காந்தபடி மறுபடி கண் சொக்கி, தாடை நெஞ்சுல பட்டு, ஒரு குறட்டை விட்டார். இந்தத் தடவை அந்த வீட்ல யாரும் பேஷ் போடல. அந்தம்மா மட்டும் தாம்பாளத்தைக் கீழ வெச்சுட்டுப் போய் அவர் தோளைத் தொட்டு எழுப்பினாங்க. நான் டாக்டர் நிலோஃபர் இருக்குற இடத்தையும் எந்த பஸ்ல போகணும்ங்கிறதையும் சொன்னேன். ஜங்ஷன்ல இறங்கினா எதிர்ல நல்ல சேமியா பாயசம் கிடைக்கும்ங்கிறதையும் சொன்னேன்.

தமயந்தி குருபரன் பக்கம் திரும்பினா. "நீங்க தூங்கினா சத்தமே வராதாமே?"

"வராதுங்க"ன்னான் குருபரன், குத்தத்தை ஒத்துக்கிற மாதிரி.

"காலைல எழுந்தா எப்படி இருக்கும்?"

அவன் யோசிச்சான். இதுவரைக்கும் யாரும் அவனைக் கேட்டதில்ல போல. "பசிக்கும்ங்க. அப்புறம் பாட்டு வரும்."

அவ தாம்பாளத்தை எடுத்து அம்மா கைல குடுத்தா. அம்மா அதை நாத்தனார் கைல குடுத்தாங்க. நாத்தனார் கீழ உக்காந்தபடியே வாங்கிக்கிட்டாங்க.

அவங்க கிளம்பிப் போன அப்புறமும் இவர் எழுந்திருக்கல. எழுப்ப வேண்டாம்னு நாத்தனாரே சொன்னாங்க. பேரூராட்சிக்குப் போன் பண்ணி, இன்னிக்குத் தம்பிக்குத் தூக்கம் இருக்கு, வேற ஆளை அனுப்புங்கன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் மிச்ச அவியலை வெச்சு சாப்பிட்டோம். பழைய கதையெல்லாம் பேசினோம். இவர் சின்ன வயசுல கனாக் கண்டா எழுந்து எல்லாரையும் உக்கார வெச்சுச் சொல்லுவாராம். கல்யாணத்துக்கு ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி அது நின்னு போச்சாம். நான் அவர் கனாக் கண்டே பாத்ததில்ல.

வெயில் தாழ்ந்தப்ப இவர் தூக்கத்துலயே மாஸ்க்குக்குள்ள என்னமோ சொன்னார். குனிஞ்சு கேட்டேன். "அப்படி இல்ல, இன்னும் கொஞ்சம் பின்னால. கிணத்துல இடிச்சுடப் போவுது. ம், போதும், நிறுத்து"ன்னார். போர்வையை இழுத்து விட்டுட்டு, பாத்திரம் தேய்க்கக் கொல்லைக்குப் போனேன்.

கிணத்துக்கும் வாழைக்கும் நடுவுல, இவர் கனாவுல நிறுத்தச் சொன்ன இடத்துலயே ஒரு கப்பல் நின்னுச்சு. மூணு மாடி இருக்கும். வாழைல ஒரு இலைகூடக் கிழியல. பக்கவாட்டுல இருந்து கடல் தண்ணி சொட்டி, துவைக்கிற கல்லு நனைஞ்சிருந்துச்சு. நான் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டு தேய்க்க ஆரம்பிச்சேன்.

மேல கம்பிகிட்ட வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்து எட்டிப் பாத்தார். ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்த களைப்பு முகத்துல இருந்துச்சு.

"அம்மா, காபி கிடைக்குமா?"

"எத்தனை பேரு இருக்கீங்க?"ன்னேன்.

அவர் உள்ள திரும்பி எண்ண ஆரம்பிச்சார். நாத்தனார் கதவுகிட்ட நின்னு பாத்துட்டு, கல்யாண அண்டாவை இறக்க உள்ள போனாங்க.